தேங்காய் எண்ணெய் போட்ட கேமரா

டிப்ளமா மெக்கானிக்கல் முடித்த பையன் இருக்கும் வீட்டில் எந்தப் பொருளும் நிம்மதியாகக் கெட்டுப்போக முடியாது. மிக்சி லேசாக முனகினால் போதும், கையில் ஸ்க்ரூடிரைவரோடு வந்து நின்றுவிடுவான். "அதுக்கு ஒண்ணுமில்லப்பா, நல்லாத்தான் ஓடுது" என்று வீட்டார் பதறிக்கொண்டு மிக்சிக்குப் பரிந்து பேசவேண்டிவரும். எண்பதுகளின் கடைசியில், தாம்பரம் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த எங்கள் வீட்டில் அந்தப் பையன் நான். என் கை பட்ட பிறகு எங்கள் ரேடியோ ஒரே ஒரு ஸ்டேஷனைத்தான் எடுத்தது. அதிலும் எந்நேரமும் சிங்களம். (கேட்கக் கேட்கப் பழகிவிடும் என்று வீட்டாருக்கு ஆறுதல் சொன்னேன்.)

இப்படிப்பட்ட என்னிடம் அம்மா ஒரு கேமராவைக் கொண்டுவந்து கொடுத்தாள் என்றால் அவளுக்கு வேறு வழியே இல்லை என்று அர்த்தம்.

விஷயம் இதுதான். அம்மாவும் அப்பாவும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்றுகூட உலகத்தில் கிடையாது. கல்யாணத்துக்கு ஒரு போட்டோகிராபர் வந்திருக்கிறார். மாப்பிள்ளையின் முகம் சரியாக விழவேண்டுமே என்று அப்பாவின் மோவாயைப் பிடித்து இப்படித் திருப்பினாராம். அப்பாவுக்கு அந்த வயதிலேயே கோபம் மூக்கு நுனியில். "என் மூஞ்சியைத் திருப்ப நீ யாருய்யா?" என்று மணவறையை விட்டு எழுந்து போய்விட்டார். தாலி கட்டத் திரும்பி வந்ததே மாமாக்கள் போய்க் கெஞ்சியதால்தான். போட்டோகிராபர் மாலையோடு தனியாக உட்கார்ந்திருந்த அம்மாவை ஒரு படம் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குப் போட்டோ என்பதையே விட்டவர்தான் அப்பா. அதற்குப் பிறகு யார் கேமராவைத் தூக்கினாலும் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

செம்பாக்கத்தில் மனை வாங்கி, கடன் வாங்கி, அப்பா ஒரு வீடு கட்டி முடித்திருந்தார். தை மாதம் கிரகப்பிரவேசம். அம்மா பயந்து பயந்து, "போட்டோக்காரர் ஒருத்தரை..." என்று ஆரம்பித்தாள்.

"போட்டோக்காரன் வந்தான்னா நான் வரமாட்டேன். நீங்களே பாலைக் காய்ச்சிக் குடிங்க" என்றார் அப்பா.

மறுநாள் அவர் டியூட்டிக்குப் போனதும் அம்மா டிரங்குப் பெட்டியைத் திறந்தாள். புடவைகளுக்கு அடியிலிருந்து ஒரு தோல் உறையை எடுத்தாள். உள்ளே அந்தக் காலத்து ஜெர்மன் கேமரா. பட்டாளத்தில் இருந்த என் மாமா எப்போதோ கொடுத்தது. மூடியைத் திறந்தால் லென்ஸ் ஆர்மோனியத் துருத்தி மாதிரி முன்னால் வந்து நிற்கும்.

"கும்பத்தை ரெண்டு பேரும் கையில பிடிச்சுக்கிட்டு வாசப்படி தாண்டும்போது அவரால எங்கேயும் ஓட முடியாதுடா ரகு. ஐயர் மந்திரம் சொல்லிக்கிட்டிருப்பார், வாயைத் திறந்து திட்டவும் முடியாது. அந்த நேரம் பார்த்து நீ ஒண்ணே ஒண்ணு எடுத்துடு. எனக்கு அது போதும்" என்றாள் அம்மா. இருபத்தைந்து வருஷமாக அவள் இந்தத் திட்டத்தை யோசித்துவந்திருப்பாள் என்று தோன்றியது. எனக்குத் தொண்டையை அடைத்துக்கொண்டது.

"ஆனா இது வேலை செய்யலைடா."

அந்த ஒரு வார்த்தையில் என் தொண்டை சரியாகிவிட்டது. ஸ்க்ரூடிரைவரைத் தேடப் போனேன்.

கோளாறு ஷட்டரில். லென்ஸுக்குள்ளே மெல்லிய இரும்புத் தகடுகள் பூவிதழ் மாதிரி ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பொத்தானை அமுக்கினால் அவை கண் சிமிட்டும் நேரம் விலகி, வெளிச்சத்தை உள்ளே விட்டுவிட்டு மூடிக்கொள்ள வேண்டும். இந்தக் கேமராவில் விலகும், மூடாது. 'க்' என்று சத்தம் வரும், அதற்குப் பிறகு வரவேண்டிய 'ளிக்' வராது.

தொழிற்சாலை நண்பன் செல்வத்திடம் சொன்னேன். மறைமலை நகரில் உதிரிபாகம் செய்யும் இடத்தில் இரண்டு பேருக்கும் வேலை.

"மச்சான், எங்க அக்கா வூட்ல நல்ல கேமராவே ஒண்ணு சும்மா தூங்கிகினு கீது. வாங்கியாறேன், எடுத்துகினு போ. இன்னாத்துக்கு இந்த பேஜாரு?" என்றான்.

புத்தியுள்ள எவனும் அந்த இடத்தில் சரியென்று தலையாட்டியிருப்பான். "டேய், நம்ம கையால ரிப்பேர் பண்ணி எடுத்தாத்தான்டா அதுக்கு மரியாதை" என்றேன் நான்.

"மரியாதையா? சரி, உன் தலையெழுத்து. ஒரு சொட்டு மெஷின் ஆயில் வுடு. தன்னால ஓடும்."

பிரித்தேன். பிரித்த மாத்திரத்தில் உள்ளேயிருந்து ஏதோ ஒன்று 'டொய்ங்' என்று பறந்தது.

"அண்ணா, ஏதோ போச்சு" என்றாள் தங்கை கலா. காலேஜில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தவள். எந்த ஜந்துவை அறுக்கும்போதும் எதுவும் இப்படித் தானாகப் பறந்ததில்லை என்று கூடுதல் தகவலும் தந்தாள்.

தலைமுடி பருமனில் ஒரு ஸ்பிரிங். பாயைத் தூக்கிப் பார்த்தோம். அரிசியை முறத்தில் கொட்டிப் புடைத்தோம். ஸ்பீக்கர் காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்துக்கொண்டு போனதில் அம்மா தொலைத்த ஹேர்பின்கள் எல்லாம் வந்தன, ஸ்பிரிங் வரவில்லை. கடைசியில் கலாதான் கண்டுபிடித்தாள். அம்மாவின் கொண்டைக்குள் அது மாட்டியிருந்தது. நான் அம்மாவைக் கீழே உட்காரவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முடியை ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டிருந்தபோது அப்பா உள்ளே வந்தார். கலா கேமராவின் மேல் பாவாடையைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"என்னடா பண்ணிக்கிட்டிருக்கே?"

"அம்மாவுக்குப் பேன் பார்க்கிறேன்பா."

அப்பா அம்மாவை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, தன் தலையணையை எடுத்து இன்னொரு அறையில் போட்டுக்கொண்டார். அவர் போனதும் அம்மா என் தொடையில் கிள்ளினாள் பாருங்கள், அந்தத் தடம் பொங்கல்வரை இருந்தது. "பேனா? எனக்கா? வேற பொய்யே கிடைக்கலையா உனக்கு?" போட்டோ ஆசையில் அதையும் பொறுத்துக்கொண்டாள்.

ஸ்பிரிங்கைத் திரும்ப மாட்டுவதற்கு என் லீவு நாட்கள் எல்லாம் போயின. புருவம் திருத்தும் சாமணம் கலாவிடம் வாங்கியது. கண்ணில் நீர் கொட்டும். மாட்டிய ஸ்பிரிங் கழன்றுகொள்ளும். விடுவேனா? பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி மாட்டுவேன். சோறு ஆறிப்போகும், அம்மா ஊட்டிவிடுவாள். ஒருவழியாக உட்கார்ந்தது. பிறகு எண்ணெய்.

இங்கேதான் என் டிப்ளமா வேலை செய்தது. செல்வம் மெஷின் ஆயில் என்றான். மெஷின் ஆயில் நாறும், கறை பிடிக்கும். பக்கத்திலேயே லென்ஸ் இருக்கிறது. நாசூக்கான சாமானுக்கு நாசூக்கான எண்ணெய்தானே போடவேண்டும்? எங்கள் வீட்டில் தலைக்கும் தேங்காய் எண்ணெய், கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய், சைக்கிள் பூட்டுக்கும் தேங்காய் எண்ணெய், அப்பாவின் முழங்கால் சிராய்ப்புக்கும் தேங்காய் எண்ணெய். சுத்தமானது, கண்ணாடி மாதிரி இருக்கும், மணமும் உண்டு. தீக்குச்சி முனையில் தொட்டு இதழ்களின் ஓரமெல்லாம் தடவினேன். பொத்தானை அமுக்கினேன்.

'க்ளிக்!'

அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் மத்தியானம் ஷிப்ட் முடிந்து வந்ததும் முதல் வேலை, ஃபிலிம் போடாமல் பொத்தானை அமுக்கிப் பார்ப்பதுதான். ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, மேலெல்லாம் வியர்த்து வழிய, க்ளிக், க்ளிக், க்ளிக். ஒரு நாள்கூட ஏமாற்றவில்லை. காலையில் சோதித்ததே இல்லை. காலையில் நான் தொழிற்சாலைக்குப் போகும் ரயிலில் இருப்பேன்.

கிரகப்பிரவேசம் விடியற்காலை முகூர்த்தம். செம்பாக்கம் ஏரியிலிருந்து பனி எழும்பித் தெருவே தெரியவில்லை. சொந்தக்காரர்கள் காதில் மப்ளரோடு வந்து இறங்கினார்கள். நான் புது வீட்டு வெளிச்சுவருக்குப் பின்னால் மறைந்து நின்று ஃபிலிமைப் போட்டேன். கை ராசிக்கு என்று கோலத்தை ஒரு படம் எடுத்தேன்.

'க்'.

காத்திருந்தேன். 'ளிக்' வரவில்லை. கேமராவைத் திருப்பிப் பார்த்தேன். ஷட்டர் திறந்த கண்ணோடு என்னையே பார்த்தது.

தட்டினேன், குலுக்கினேன், முருகனைக் கூப்பிட்டேன். அந்த நேரம் கலா ஒரு பாட்டிலைக் கவிழ்த்து உள்ளங்கையில் தட்டிக்கொண்டே வந்தாள். "பனியில கையெல்லாம் வறண்டு போச்சு. தடவலாம்னா இந்தத் தேங்காய் எண்ணெய் வரவே மாட்டேங்குதுண்ணா, உறைஞ்சு கட்டியாயிடுச்சு" என்றாள்.

நான் பாட்டிலைப் பார்த்தேன். உள்ளே வெள்ளையாக, மெழுகு மாதிரி. கேமராவைப் பார்த்தேன். மறுபடி பாட்டிலைப் பார்த்தேன். தை மாதக் காலையில் தேங்காய் எண்ணெய் உறையும் என்பது இந்த ஊரில் பால்குடி மறக்காத குழந்தைக்கும் தெரியும். வெப்ப இயக்கவியல் உட்பட ஆறு செமஸ்டர் படித்த எனக்கு மட்டும் அந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"கலா..." என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். "அட லூசு அண்ணா!" என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

சரி, உறைந்ததை உருக்கினால் போயிற்று. வீட்டுக்குப் பின்னால் கோட்டையடுப்பு மூட்டி டிபன் தயாராகிக்கொண்டிருந்தது. ஓடினேன். இட்லிப் பானை மூடியின்மேல் கேமராவை வைத்தேன்.

"இன்னா சார் இது? கேமராவுக்கு இட்லி ஊட்றியா?" என்றார் சமையல்காரர்.

"ரெண்டு நிமிஷம்ணா. பிளீஸ்."

"அய்ய, பொகை புடிச்சா நான் ஜவாப்தாரி இல்ல."

சூடேறியது. அமுக்கினேன். க்ளிக்! வாசலுக்கு ஓடினேன். அங்கே ஐயர் இன்னும் கோபூஜையில் பசுவுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்தார். ஏரிக்காற்று சுளீரென்று அடித்தது. சோதித்தேன். க். திரும்ப அடுப்புக்கு ஓடினேன். சட்டைக்குள் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். க். மறுபடி அடுப்பு. விடக்கூடாது என்று முடிவு செய்தபின் என் காலுக்கு ஓய்வே இல்லை.

பசுவைப் பிடித்துக்கொண்டு நின்றவர் தனபால் அண்ணன். எங்கள் மனை ஒரு காலத்தில் அவர்கள் நெல் போட்ட நிலம். நிலத்தை விற்றவர் என்ற உரிமையில் மாட்டையும் அவரே ஓட்டி வந்திருந்தார். நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு (சட்டைக்குள் கேமரா) கொல்லைக்கும் வாசலுக்கும் ஓடுவதைக் கவலையோடு பார்த்துவிட்டு, நாலு தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்:

"பாவம்பா, தம்பிக்கு வயிறு சரியில்ல போல கீது. பின்னாடி ஓடிகினே கீது பாரு."

உடனே என் சித்தி ஒரு டம்ளர் ஓமத்தண்ணீரோடு என்னைத் துரத்தினாள். குடிக்காமல் விடவில்லை. கூட்டத்தில் எனக்குப் பெண் கொடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம் இருந்தது. அவர்கள் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

அம்மா பட்டுப்புடவையில் நின்றிருந்தாள். கண்ணாலேயே "ரெடியா?" என்று கேட்டாள். நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வது? அந்த முகத்தைப் பார்த்து இல்லையென்று சொல்ல என்னால் முடியவில்லை.

ஹாலுக்குள் போய், கொத்தனார்கள் விட்டுப்போன சிமெண்ட் பாண்டு ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் கடைசிச் சூட்டில் ஷட்டர் மூடிக்கொண்ட கேமராவை வைத்து, ஃபிலிமை அடுத்த படத்துக்குத் திருகி, வாசல்படியைப் பார்த்துக் குப்புறப் படுத்துக்கொண்டேன். பசு முதலில் வந்தது. என் பக்கத்தில் வந்து, வாசல் பக்கம் திரும்பி, கேமராவை எட்டிப் பார்த்தபடி சாவகாசமாக நின்றது. பின்னாலேயே அம்மாவும் அப்பாவும் ஒரே கும்பத்தை இரண்டு பேரும் பிடித்துக்கொண்டு வலது காலைப் படிக்கு மேலே எடுத்து வைத்தார்கள். டியூப்லைட் வெளிச்சம் இருவர் முகத்திலும் விழுந்தது. அமுக்கினேன்.

'க்'.

திறந்தது மூடவில்லை. அந்த நொடியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. வெளிச்சமோ குறைவு. திறந்தபடியே இருக்கட்டும். எல்லாரும் அசையாமல் நின்றால் கொஞ்ச நேரம் கழித்து என் உள்ளங்கையால் லென்ஸை மூடிவிடலாம். படம் விழுந்துவிடும்!

"ஆடாதீங்க! யாரும் ஆடாதீங்க! அப்படியே நில்லுங்க!" என்று கத்தினேன்.

கும்பலே உறைந்தது. மேளக்காரர் கையைத் தூக்கியபடி நின்றார்.

"என்னப்பா இது! வாசப்படியில நிக்கப்படாது, தாண்டச் சொல்லு, முகூர்த்தம் போறது!" என்று ஐயர் பதறினார்.

"ஒரே நிமிஷம் சாமி! ஆடாதீங்க!"

அப்போதுதான் அப்பா என்னைப் பார்த்தார். பாண்டைப் பார்த்தார். அதன்மேல் இருந்ததைப் பார்த்தார். அம்மா போட்ட கணக்கு அங்கே தப்பியது. மந்திரம் நின்றுவிட்டதால் திட்டுவதற்கு அவருக்கு வாய் காலியாக இருந்தது.

"அடேய்! வாசப்படியில நிறுத்தி வெச்சுப் போட்டோவா எடுக்கிறே? அந்தப் பொட்டியை எடுத்து..." என்று என் பக்கம் கழுத்தை நீட்டினார், கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார், ஐயரைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிக் கத்தினார். நான் லென்ஸைக் கையால் மூடினேன். மூடிய கையோடு நிமிரும்போது பசு என் முதுகில் கோமியம் பெய்தது.

"சுபம்! சுபம்! மகாலட்சுமி!" என்று ஊரே குதூகலித்தது. புது வீட்டுக்குள் அதைவிட நல்ல சகுனம் இல்லையாம். எனக்கு மட்டும் அப்படித் தோன்றவில்லை.

மேற்குத் தாம்பரத்து ஸ்டூடியோவில் ஃபிலிமைக் கழுவக் கொடுத்தேன். "மத்ததெல்லாம் ஒரே வெள்ளை சார். இது ஒண்ணுதான் தேறிச்சு" என்று ஒரு பிரிண்டைக் கொடுத்தார் கடைக்காரர். கொடுக்கும்போது அவர் முகத்தில் அனுதாபம் இருந்தது.

படத்தில் பசு தெளிவாக இருந்தது. நெற்றிப் பொட்டுகூடத் தெரிந்தது. ஐயர் பாதி தெரிந்தார். அம்மா, அப்படி ஒரு தெளிவு, மூக்குத்தியில் டியூப்லைட் மின்னுவதுவரை தெரிந்தது. அவளுக்குப் பக்கத்தில், கழுத்துவரை பட்டு வேஷ்டியும் துண்டும். கழுத்துக்கு மேலே வெறும் புகை. அப்பா தலையை ஆட்டிய திசையிலெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக இருந்தார், எங்கேயும் முழுசாக இல்லை.

அம்மா அதை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தாள். "நல்லாத்தான்டா இருக்கு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை. நான் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அப்பா டியூட்டி முடிந்து வந்தார். படம் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. எடுத்துப் பார்த்தார். என்னைத் திட்டப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை.

"அவன் கத்தினதிலிருந்து மூடுற வரைக்கும் நீ ஆடவே இல்லையா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"இல்ல."

"மூச்சு?"

"விடல."

"எதுக்கு அப்படி நின்னே?"

"நீங்களும் நிப்பீங்கன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா. ரசம் ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா தலையைப் படிய வாரிக்கொண்டு, கிரகப்பிரவேசத்துப் பட்டு வேஷ்டியையே எடுத்துக் கட்டிக்கொண்டு ஹாலில் வந்து நின்றார். "ம், கிளம்பு" என்றார் அம்மாவிடம். நானும் கலாவும் பின்னாலேயே போனோம். மேற்குத் தாம்பரத்து ஸ்டூடியோவில் அம்மா உட்கார்ந்தாள், அப்பா பக்கத்தில் நின்றார். விறைத்து, கண் இமைக்காமல், மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கு பளிச்சென்று அடித்தது. ஸ்டூடியோக்காரர் எடுத்தாச்சு என்றார். அப்பா நகரவில்லை. இன்னொரு தரம் சொன்னார். அப்பாவின் முகம் சிவந்துகொண்டே போனது.

"எடுத்தாச்சுங்க. மூச்சு விடுங்க" என்றாள் அம்மா. அப்போதுதான் விட்டார்.

அதன் பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. சொந்தக்காரர் கல்யாணம், அக்கம்பக்கத்துக் காதுகுத்து, வண்டலூர் பூங்காவில் புலிக்கூண்டு, எங்கே யார் கேமராவைத் தூக்கினாலும் அம்மாவைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு மூச்சைப் பிடித்துவிடுவார். எங்கள் வீட்டில் எவராவது எதையாவது பிடிவாதமாகப் பிடித்துக்கொண்டு நின்றால், "எடுத்தாச்சு, மூச்சு விடு" என்பதுதான் இன்றைக்கும் பேச்சு. என் மனைவிக்கு அதை என்னிடம் தினமும் சொல்லவேண்டியிருக்கிறது.

இப்போது பேரப்பிள்ளைகள் செல்போனில் பட்பட்டென்று எடுத்துத் தள்ளுகிறார்கள். சத்தமும் இல்லை, வெளிச்சமும் இல்லை, எடுத்தார்களா இல்லையா என்றே அப்பாவுக்குத் தெரிவதில்லை. அவர் நிற்பார், அம்மா சொல்லும்வரை. அதனால் அம்மா பக்கத்தில் இல்லாத சமயத்தில் எங்கள் வீட்டில் யாரும் அவரைப் படம் எடுப்பதில்லை.